மகராசிக்கு சார்ஜ் இறங்காது

எங்க ஊரு பைபாஸ்ல சிலுவைமுத்து அண்ணாச்சி பேட்டரிக் கடை எங்கன்னு கேட்டா, வழி சொல்லுறதுக்கு முன்னால, "சார்ஜ் போடப் போறியளா, கதை கேக்கப் போறியளா"ன்னுதான் கேப்பாங்க. ரெண்டும் ஒண்ணாத்தான் நடக்கும். சார்ஜ் ஏறுற வரைக்கும் மனுசன் எங்க போவான்? அங்கன கெடக்குற பெஞ்சுலதான் உக்காரணும். உக்காந்தவன் காது அண்ணாச்சிக்குச் சொந்தம்.

கடைக்கு ஒரு சட்டம் உண்டு. அண்ணாச்சி சொல்லுறத எவனாவது 'பொய்'யின்னு சொல்லிட்டான்னா, அவன் பேட்டரி வரிசையில கடைசிக்குப் போயிரும். அதே மாதிரி, வந்தவன் சொல்லுற கதைய அண்ணாச்சி பொய்யின்னு சொல்லிட்டாருன்னா, கடையோட சர்வீஸ் பேட்டரிய அன்னைக்கு அவன் கொண்டு போகலாம். சர்வீஸ் பேட்டரின்னா, நம்மது சார்ஜுல கெடக்குற வரைக்கும் வண்டியில மாட்டிக்கிட கடைக்காரன் குடுக்குறது. மத்த கடையில வாயத் தொறந்து கேட்டாலே குடுத்துருவாங்க. இங்க இருபது வருசமா ஒருத்தனும் ஜெயிச்சுக் கொண்டு போனதில்ல. ஏன்னா அண்ணாச்சிக்குத் தன் கதையத் தவிர வேற எந்தக் கதையும் காதுல ஏறாது.

நான் சண்முகக்கனி. பள்ளிக்கூட வேன் ஓட்டுதேன். பதினாலு புள்ளைங்க, பூராம் எல்கேஜி, யூகேஜி. கோடை லீவுல வேன் நாப்பது நாள் வீட்டு வாசல்ல நின்னுச்சு. டேஷ்போர்டுல திருச்செந்தூர் முருகன் படம் இருக்கு, அதச் சுத்தி ஒரு சின்ன சீரியல் லைட்டு. சாமி விளக்க நம்ம கையால எப்படி அணைக்கிறதுன்னு விட்டுட்டேன். முத இருபது நாளு முருகன் ஜெகஜ்ஜோதியா இருந்திருப்பாரு. மிச்ச இருபது நாளும் பேட்டரி செத்து அவரும் இருட்டுலதான் இருந்திருக்காரு.

பள்ளிக்கூடம் தொறந்த அன்னைக்கு வண்டியக் கெளப்பவே லேட்டாயிட்டுது. ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் ஒரு தடவ சொல்லி விட்டாங்க. ரெண்டாவது தடவ நடந்ததுதான் மானக்கேடு. அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு ரூல். சாயங்காலம் புள்ளைங்கள ஏத்தும்போது எஞ்சின அணைச்சு, சாவிய உருவி வாட்ச்மேன்கிட்ட காட்டணும். காட்டினேன். புள்ளைங்க ஏறுச்சு. திரும்பச் சாவியப் போட்டுத் திருப்பினா, 'டிக்'குன்னு ஒரு சத்தம், அம்புட்டுதான். வாட்ச்மேன் பின்னால போய்த் தள்ளினாரு. பத்தலன்னு யூகேஜி புள்ளைங்க நாலு எறங்கி, ஐலசா போட்டுத் தள்ளுச்சு. அதுங்களுக்கு ஒரே கொண்டாட்டம். சிஸ்டர் மாடியில நின்னு பாத்துட்டு எறங்கி வந்தாங்க. "கனி, நாளைக்கு சாயங்காலம் சாவி போட்டு வண்டி கெளம்பலன்னா, மறுநாள்ல இருந்து வேற வேன் வரும்." அவங்க ஒண்ணு சொன்னா சொன்னதுதான்.

அந்த வேன் இல்லாம எனக்கு வேற பொழப்பு கெடையாது. மறுநாள் காலையில தெருக்காரங்களத் தள்ளச் சொல்லி ஸ்டார்ட் பண்ணி, புள்ளைங்கள எறக்கி விட்டு, எஞ்சின அணைக்காமலே நேரா அண்ணாச்சி கடைக்கு வந்துட்டேன். பேட்டரியக் கழத்திக் குடுத்தேன். அண்ணாச்சி செல்லுக்குள்ள எட்டிப் பாத்து, தண்ணி வத்திப் போயி பிளேட்டு பல்லிளிக்குன்னு ஒரு பாடு ஏசினாரு. சும்மா நிக்கிற வண்டின்னா மைனஸ் வயரக் கழத்திப் போடணும், பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா சார்ஜ் காட்டணும், இது கூடத் தெரியாம என்னத்த டிரைவருன்னாரு. மத்தியானம் வா, மூணு மணிக்குள்ள ஏத்தித் தாரேன்னாரு. சரின்னு வேனக் கடை வாசல்லயே விட்டுட்டு வீட்டுக்குப் போனேன்.

ஒண்ணரைக்குத் திரும்பி வந்தேன். பெஞ்சுல ரெண்டு பேரு. ஒருத்தன் ஆட்டோ ஐசக், இன்னொருத்தரு உப்பு லாரி பலவேசம் அண்ணன். பலவேசம் அண்ணன் காலையிலேயே கோவத்துல பொய்யின்னு சொல்லித் தொலைச்சு, அவரு பேட்டரி கடைசியில கெடந்துச்சு. சார்ஜர்ல செவப்பு பல்பு எரியுது. அண்ணாச்சி தலைக்கு மேல குட்டி ஃபேன் ஓடுது. பக்கத்து ஜூஸ் கடையில மாதுளை கேட்டதுக்கு, இன்னைக்கு மிக்ஸி ஓடாது, எலுமிச்சை வேணா கையால பிழிஞ்சு தாரேன்னான். அதக் குடிச்சிக்கிட்டே என் பேட்டரிக்குள்ள எட்டிப் பாத்தேன். சார்ஜ் ஏறினா உள்ள குமிழி கொப்பளிக்கும்லா, ஒரு குமிழியக் காணும். கெணத்துத் தண்ணி மாதிரி அசையாம கெடக்கு.

கேட்டா அண்ணாச்சி சிரிக்காரு. கொப்பளிச்சுச் சத்தம் போடுறது சாதாக் கடை சார்ஜாம். இவரு போடுற சார்ஜு, தூங்குற புள்ளைக்கு அம்ம போர்வை போத்துற மாதிரி பைய ஏறுமாம். பேட்டரிக்கே தெரியாதாம். அப்படின்னா எப்பதான் முடியும்னேன். அவசரப்பட்டு ஏத்தினா பிளேட்டு வளைஞ்சிரும், சாயங்காலம் ஆறு ஆயிரும்னாரு. மூணே காலுக்கு நான் பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பணும்.

"அண்ணாச்சி, அப்போ அந்த சர்வீஸ் பேட்டரியக் குடுங்க. சாயங்காலம் கொண்டாந்து தந்துருதேன்"னு மூலையக் காட்டினேன். அங்க ஒரு பலகை மேல, பூப்போட்ட துண்டு போத்தி, அந்தப் பேட்டரி உக்காந்திருக்கு. அதுல இருந்து ரெண்டு வயரு செவத்தோரமா எங்கயோ போகுது. அண்ணாச்சிக்கு முகமே மாறிப் போச்சு.

"மகராசியவா கேக்க? எம்மா கனி, தெரியாமத்தான் கேக்கியா? அவள ஒன் வேன் தாங்காது."

தொடங்கிட்டாரு. முப்பத்தோரு வருசத்துக்கு முன்னால ஒரு மழை நாள்ல, ஒரு லாரி டிரைவரு கடைக்கு வந்தாராம். ஒரு காதுல பீடி, இன்னொரு காதுல ஸ்பேனரு சொருகியிருந்தாராம். இதச் சார்ஜ் போட்டு வைங்க, வந்து எடுத்துக்கிடுதேன்னு சொல்லிட்டுப் போனவரு இன்னும் வரல. "சார்ஜுக்கு வந்த பேட்டரி பெத்த புள்ள மாதிரி. உரியவன் வார வரைக்கும் பாத்துக்கிடணும். வந்து கேட்டா அந்த நிமிசமே கையில குடுத்துரணும். அதான் தொழில் தருமம்"னு நெஞ்சுல கைய வச்சாரு. அதான் அவளச் சிமெண்டுத் தரையில வைக்கிறதில்ல, பலகைதானாம். வாரம் ஒருநாள் டிஸ்டில் வாட்டர், ஒரு சங்கு அளவு. டெர்மினலுக்கு வாசலின். வெள்ளிக்கிழமை தோறும் துணியால துடைக்கிறது. பதிலுக்கு அவளும் ஒருக்கா ஏறின சார்ஜ முப்பத்தோரு வருசமா எறக்கலையாம்.

"ஒருக்கா கூடவா?"ன்னாரு பலவேசம் அண்ணன். 'பொய்'யின்னு சொல்லாம இருக்க அவரு படுற பாடு மூஞ்சியில தெரிஞ்சுது.

ஒருக்கா சோதிச்சாராம் அண்ணாச்சி. மகராசியில ஒரு லாரி ஹாரன மாட்டி, விரல் நுனி படுற மாதிரி ஒரு அமுக்கு. தூத்துக்குடி காக்கா பூராம் எழும்பிக் கடலத் தாண்டி இலங்கைக்குப் போயிட்டாம். ஒரு வாரம் கழிச்சுத் திரும்பி வந்ததுல பாதி, சிங்களத்துல கத்துச்சாம். ஐசக்கு இதுக்கெல்லாம் ஒரு வழி வச்சிருக்கான். பொய்யின்னு சொல்ல மாட்டான். "நல்லதுக்குத்தான் அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டு, எங்கிட்ட திரும்பிக் கண்ண மட்டும் உருட்டுவான்.

மணி ரெண்டேகால். நான் திரும்பவும் கேட்டேன். அண்ணாச்சி கையமத்தினாரு. லாரிக் கதையக் கேட்டுட்டுக் கேளுன்னாரு.

"ஒரு உப்பு லாரி, டீசல் இல்லாம இங்கன நின்னுட்டுது. பலவேசம், நீரும் கேளும், ஒம்ம தொழிலுதான். மகராசியத் தூக்கி வச்சு, கியரப் போட்டு, சாவியத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் மோட்டார்லயே வண்டி ஓடுது வே. எஞ்சின் உறங்குது, வண்டி ஓடுது. நேரா மதுரை. உப்ப எறக்கியாச்சு. வண்டியத் திருப்ப எடமில்ல. சரின்னு ரிவர்ஸ்லயே தூத்துக்குடி வந்துட்டோம். வந்து பாத்தா டீசல் டேங்க் நிறைஞ்சு வழியுது."

பலவேசம் அண்ணனுக்குப் பொறுக்கல. டீசல் போடாத வண்டியில டீசல் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டுட்டாரு.

"முன்னால போனா செலவழியும்லா? அப்போ பின்னால வந்தா திரும்பி ஏறத்தான செய்யும்? முப்பது வருசமா லாரி ஓட்டுதீரு, இது தெரியாதா"ன்னு அண்ணாச்சி அவரையே மடக்கிட்டாரு. பலவேசம் அண்ணன் வாயத் தொறந்து, தன் பேட்டரி எங்க கெடக்குன்னு ஒருக்கா பாத்து, மூடிக்கிட்டாரு.

அடுத்து புயல் வந்துச்சு. நெசப் புயல் இல்ல, அண்ணாச்சி வாயில வந்த புயல். ஊரு பூராம் கரெண்டுக் கம்பி அறுந்து கெடக்காம். மகராசியோட ஒரு வயர எடுத்துத் தெருக் கம்பத்துல சொருகினாராம். ஊரே பகலாயிட்டுதாம். சேவல் மூணு நாளா ஓயாமக் கூவித் தொண்டை கட்டிப் போச்சாம். பல்பு சூட்டுலயே உப்பளத்துல ஒரே ராத்திரியில ஒரு வருச உப்பு வெளைஞ்சுதாம். கடைசியில ஊர்ப் பெரியவங்க திரண்டு வந்து, அண்ணாச்சி, கண்ணு கூசுது, தயவு பண்ணி இருட்டாக்கி விடுங்கன்னு கும்பிட்டாங்களாம்.

மணி ரெண்டு நாப்பது. மாடியில சிஸ்டர் நிக்கிற மாதிரியே கண்ணு முன்னால வருது. அண்ணாச்சிக்கோ இப்பதான் சுதி ஏறியிருக்கு.

"இதெல்லாம் என்னத்த பெருசு. அந்த ஐப்பசியில ஒரு இடி எறங்கி, நேரா நம்ம கடைக்குள்ள வந்துச்சு. நான் பயந்துட்டேன், மகராசி போச்சுன்னு. பாத்தா, இடி அவ மேல விழல. பக்கத்துல வந்து தயங்கித் தயங்கி நிக்கி. மங்கலா, ஒரு தீக்குச்சி வெளிச்சம் கூட இல்ல. பாவம், சார்ஜ் எறங்கிப் போயி வந்திருக்கு. நான்தான் பிளஸ்ஸு மைனஸ்ஸு பாத்து மாட்டி விட்டேன். அஞ்சே நிமிசம். ஏத்திக்கிட்டு மேல போயிட்டுது. அந்த வருசம் இடி கொஞ்சம் பலமா இருந்துச்சுல்லா? அது நம்ம சரக்கு."

ஐசக் கூட நல்லதுக்குத்தான்னு சொல்ல மறந்துட்டான். இப்பேர்ப்பட்டவள ஒரு ஓட்ட வேனுக்கு எப்படிக் குடுக்க, நீயே சொல்லுன்னு அண்ணாச்சி எங்கிட்ட நியாயம் கேக்காரு. அப்பதான் எனக்கு ஒண்ணு தோணிச்சு. கெஞ்சி ஒரு பிரயோசனமும் இல்ல. முள்ள முள்ளாலதான் எடுக்கணும்.

நான் முந்தானையால கண்ணத் தொடைச்சேன். மூக்க உறிஞ்சினேன். "அண்ணாச்சி, ஒரு காதுல பீடி, ஒரு காதுல ஸ்பேனருன்னு சொன்னியளே, அது எங்க அய்யாதான்"னேன்.

எங்க அய்யாவுக்கு சைக்கிள் கூட ஓட்டத் தெரியாது. அது ஐசக்குக்கும் தெரியும். அவன் பெஞ்சுல நிமிந்து உக்காந்தான்.

"மழையில பேட்டரிய உங்ககிட்ட குடுத்துட்டு, லோடு நேரத்துக்குப் போகணுமேன்னு எங்க அய்யா லாரியத் தள்ளிக்கிட்டே போயிட்டாரு. கல்கத்தா லோடு. தள்ளிக்கிட்டே போயி எறக்கிட்டு, தள்ளிக்கிட்டே திரும்பி வாராரு. முப்பத்தோரு வருசம் ஆச்சு. காலையிலதான் போன் போட்டாரு. மதுரை தாண்டிட்டாராம். 'ஏட்டி கனி, கால் ஓஞ்சு போச்சு, அண்ணாச்சிகிட்ட கேட்டு நம்ம பேட்டரிய வாங்கி வை, எட்டயபுரம் ரோட்டுல மாட்டிக்கிடுதேன்'னாரு. நம்பலன்னா எங்க வம்சத்துக் காதப் பாருங்க." ஐசக் மடியில கெடந்த பத்தாம் நம்பர் ஸ்பேனர எடுத்து என் காதுல சொருகினேன். முருகன் புண்ணியத்துல அது கீழ விழாம நின்னுச்சு.

அண்ணாச்சி, "பொ..."ன்னு ஆரம்பிச்சாரு. ஆரம்பிச்ச வாய் அப்படியே நின்னு போச்சு. பொய்யின்னு சொன்னா, கடைச் சட்டப்படி சர்வீஸ் பேட்டரி எனக்கு. நெசம்னு சொன்னா, தொழில் தருமப்படி அந்த நிமிசமே எனக்கு. "நெசமா பொய்யா, சீக்கிரம் சொல்லும் வே"ன்னாரு பலவேசம் அண்ணன். நான் வந்ததுல இருந்து அவரு முகத்துல அப்பதான் சிரிப்பப் பாத்தேன். அண்ணாச்சி நெசம்னும் சொல்லல, பொய்யின்னும் சொல்லல. இன்னைக்கு மட்டும் வேண்டாம்மா, நாளைக்கு நானே வீட்டுல கொண்டாந்து தாரேன்னு கெஞ்ச ஆரம்பிச்சிட்டாரு. எதுக்கு இந்த மனுசன் இம்புட்டு வேர்க்காருன்னு அப்ப எனக்குப் புரியல.

காதுல இருந்த ஸ்பேனர எடுத்து, மகராசியோட மைனஸ் கிளாம்பக் கழத்தினேன்.

ஃபேன் நின்னு போச்சு. சார்ஜர்ல எரிஞ்ச செவப்பு பல்பும் அணைஞ்சு போச்சு.

மூணு பேரும் மேல பாத்தோம், சார்ஜரப் பாத்தோம், அப்புறம் அண்ணாச்சியப் பாத்தோம். ஜூஸ் கடைக்காரன் எட்டிப் பாத்து, "காலையில ஒம்பது மணிக்கே ஷட்டவுன் போட்டாச்சுலா, அஞ்சு மணிக்குத்தான் கரெண்டு வரும்"னான். அப்போ காலையில இருந்து எங்க மூணு பேரு பேட்டரிக்கும் ஒரு சொட்டு ஏறல. ஃபேனும் பல்பும் மகராசி தயவுல ஓடியிருக்கு. நாங்க பெஞ்சுல உக்காந்து இடிக்குச் சார்ஜ் போட்ட கதையக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம்.

"கரெண்டு இல்லன்னு சொன்னா, எல்லாரும் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் கடைக்குப் போயிருவிய"ன்னாரு அண்ணாச்சி, கீழ குனிஞ்சிக்கிட்டு. அன்னைக்கு அவரு வாயில வந்த முத நெசம் அதுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஸ்பேனராலயே ஒண்ணு போட்டிருப்பேன். மணி மூணு அஞ்சு. சண்ட போட நேரமில்ல. பலவேசம் அண்ணன் எனக்கும் சேத்து ஏச ஆரம்பிச்சாரு. நானும் ஐசக்கும் மகராசியத் தூக்கிட்டுப் போயி வேன்ல மாட்டினோம்.

சாவியத் திருப்பினேன். அரைத் திருப்பு கூட இல்ல, எஞ்சின் எழும்பிட்டுது. டெர்மினல்ல ஒரு பொட்டுப் பூஞ்சணம் இல்ல, ஆறு செல்லுலயும் தண்ணி கோடு போட்ட மாதிரி நிக்கி. புளுகு புளுகுதான். ஆனா பாத்துக்கிட்ட விதத்துல அந்த மனுசன் ஒரு சொல்லும் புளுகல, அதையும் சொல்லணும்.

பள்ளிக்கூட வாசல்ல சிஸ்டரே வந்து நிக்காங்க. எஞ்சின அணைச்சேன். சாவிய உருவிக் காட்டினேன். பதினாலு புள்ளைங்களும் ஏறுச்சு. போன தடவ தள்ளின யூகேஜி பொடியன் ஒருத்தன் ஏறாம நின்னு, "அக்கா, இன்னைக்குத் தள்ள வேண்டாமா"ன்னான். முருகான்னு சாவியத் திருப்பினேன். ஒரே திருப்பு. சிஸ்டர் போயிட்டு வான்னு தலைய மட்டும் ஆட்டினாங்க. அந்தப் பொடியனுக்குத்தான் ஏமாத்தம். வீட்டுக்கு வந்ததும், சாமி, நீயும் செத்த நேரம் உறங்குன்னு சொல்லி சீரியல் லைட்ட அணைச்சேன்.

அஞ்சரைக்கு மகராசியக் கொண்டு போயிக் குடுக்கப் போனேன். ஐசக் அங்கனதான் இருந்தான். பலவேசம் அண்ணன் ஜெனரேட்டர் கடைக்குப் போயிட்டாராம். அவரு எடத்துல டிராக்டர்காரரு ஒருத்தரு புதுசா உக்காந்திருக்காரு. அண்ணாச்சி மத்தியானம் நடந்தது எதுவுமே நடக்காத மாதிரி அவருகிட்ட ஆரம்பிச்சிட்டாரு. மகராசிய மாட்டினதும் என் வேன் சக்கரம் தரையில படலையாம், நாலே நிமிசத்துல பள்ளிக்கூடமாம். "இந்தா வந்துட்டால்லா, கனியே சொல்லட்டும்"னு எம்மேல கைய நீட்டினாரு.

"நாலு நிமிசம்னு சொல்லாதிய அண்ணாச்சி, மகராசிக்குக் கொறச்சல்"னேன். "சாவியத் திருப்பினதும், நான் போய்ச் சேந்தது நேத்து சாயங்காலம். அங்க வாசல்ல நேத்து நான், புள்ளைங்கள எறக்கித் தள்ள விட்டுக்கிட்டு இருக்கேன். பாவமாப் போச்சு. என் வயர எடுத்து நேத்து வண்டியில குடுத்து ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு, அப்புறந்தான் இன்னைக்கு வந்தேன். அதான் சிஸ்டர் நேத்து நடந்ததப் பத்தி மூச்சே விடல."

டிராக்டர்காரரு எழும்பி நின்னுட்டாரு. அண்ணாச்சி வாயத் தொறந்தாரு, மூடினாரு, திரும்பவும் தொறந்தாரு. மகராசி இப்பதான் கைக்கு வந்திருக்கா, பொய்யின்னு சொன்னா திரும்பவும் எங்கூட வந்துருவா. துண்ட எடுத்து அவளப் போத்திக்கிட்டே, "இருக்கும், இருக்கும்"னாரு.

ஐசக் எழும்பிச் சட்டையத் தட்டிக்கிட்டான்.

"அண்ணாச்சி, கரெண்டு வந்து அரை மணி நேரம் ஆச்சு. இப்பவாவது சார்ஜர் சுவிட்சப் போடுங்க."